இடது பாதத்துக்கு ஆறு வாரம்

வேலையில் இருந்த காலத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் முதுகுவலியைப் பற்றிக் கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு கூடைப்பந்தைப் பற்றிக் கேட்கிறார்கள். பீடோங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது கேட்கிறார்கள்; கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது கேட்கிறார்கள். "அக்கா, நம்ம அனிதா மாதிரி நம்ம பிள்ளையும் மேல வரணும்னா என்னா செய்யணும்?" ஒருவர் தம் மகளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை முட்டை கொடுப்பது என்று கேட்டார். என் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வாழ்நாளில் ஒரு தடவைகூட நான் பந்தை வளையத்துக்குள் போட்டதில்லை.

போன மாதம் சுங்கை பட்டாணியில் இளம் பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஒரு பயிற்சி நாள் நடந்தது. என்னையும் பேச அழைத்திருந்தார்கள். இப்போது அவர்களிடம் ஒரு பலகை இருக்கிறது. விளையாட்டாளர் அதன்மேல் குதித்தால் எந்தக் கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கைத்தொலைபேசியில் எண்ணாக வந்து விழுகிறது. அதைக் காட்டிவிட்டு ஒரு பெண் கேட்டாள்: "மேடம், அந்த ஆஸ்திரேலியா கேஸ்ல எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சாம். இந்தப் பலகையும் அப்ப இல்ல. எதை வச்சு நிறுத்துனீங்க?" கட்டைவிரலை வைத்து என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அன்று நேரம் போதாமல் பாதியில் விட்டதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நான் சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்ததும், பிசியோதெரபி என்றால் என்னவென்றே தெரியாமல் விண்ணப்பம் போட்டேன். தாதி வேலைக்குப் பக்கத்து வேலை என்று யாரோ சொன்னார்கள். கோலாலம்பூரில் மூன்று ஆண்டுப் படிப்பில் இன்றைக்கு ஞாபகம் இருப்பவை எலும்புகளின் பெயர்களும், விடுதியில் தினமும் கொடுத்த தண்ணிச் சாம்பாரும்தான். உண்மையான படிப்பு எங்கள் மாநிலமான கெடாவுக்குத் திரும்பி அரசு மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, மிஸ்டர் ஓங்கிடம் தொடங்கியது.

மிஸ்டர் ஓங் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர். காலையில் வரும்போது பிளாஸ்டிக் பையில் கட்டிய, பாலில்லாத கோப்பி ஒ வாங்கி வந்து கதவுப் பிடியில் தொங்கவிடுவார். பத்து மணிக்கு மேல் ஆறிப்போன பிறகுதான் குடிப்பார். என்னிடம் மலாய் மொழியில்தான் பேசுவார். தோட்டத்து நோயாளிகளுக்காகத் தமிழில் மூன்று சொற்கள் வைத்திருந்தார்: 'எங்க', 'வலிக்குதா', 'சும்மா'. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு பாட்டாளியின் முதுகுத்தண்டை மேலிருந்து கீழ்வரை படித்துவிடுவார்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வலிக்கும் காலை முதலில் தொடக்கூடாது. நல்ல காலைத் தொட்டு, அது எப்படி இருக்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் மற்றதற்குப் போக வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அழுத்தும்போது 'இங்கே வலிக்கிறதா' என்று கேட்கக் கூடாது. காலையில் என்ன சாப்பிட்டாய், எந்த பஸ்ஸில் வந்தாய் என்று ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அழுத்த வேண்டும். கண் விரலைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். "விளையாடுறவங்க வாயைக் கேட்டா விளையாடணும்னுதான் சொல்லும்" என்பார். "நீ காலைக் கேளு."

எல்லாவற்றையும்விட எனக்கு விநோதமாகப் பட்டது வேறு ஒன்று. காரணம் தெரியாத கேஸ் வந்தால் மற்றவர்கள் ஏதாவது ஒரு பெரிய பெயரை எழுதி வைப்பார்கள். மிஸ்டர் ஓங் அந்தக் கட்டத்தில் 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதுவார். அடுத்த வரியில், தெரிந்துகொள்ள என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவார். டாக்டர்களுக்குக் கோபம் வரும். அவர் கதவுப் பிடியிலிருந்து கோப்பியை எடுத்துக் குடிப்பார்.

வார இறுதிகளில் அவர் மாநில இளையோர் கூடைப்பந்து அணிக்குச் சம்பளமில்லாமல் பிசியோவாகப் போவார். பெண்கள் அணிக்கு ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போனார். முதல் நாள் என் வேலை கணுக்காலுக்கு டேப் சுற்றுவது. பாதத்தைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து, மெல்லிய பஞ்சு உறையை முதலில் சுற்றி, கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு பட்டை ஒட்டி, பிறகு உள்பக்கமிருந்து குதிகாலுக்கு அடியில் விட்டு வெளிப்பக்கம் மூன்று பட்டை தூக்கி, எட்டுப் போல ஒரு சுற்று, கடைசியாகக் குதிகாலைப் பூட்டுவது. பன்னிரண்டு பெண்கள், இருபத்து நான்கு கணுக்கால். அழகாகச் சுற்றி முடித்துவிட்டுப் பெருமையாக நின்றேன். விளையாட்டுத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் ஓடி வந்து காலைக் காட்டினார்கள். விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. மிஸ்டர் ஓங் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துவிட்டு, "சுற்றி முடிச்சதும் நகத்தை அமுக்கிப் பாரு. ரத்தம் திரும்பி வருதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த ஆளு" என்றார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஆயிரம் நகங்களை அமுக்கிப் பார்த்திருக்கிறேன்.

இருபது ஆண்டுகள் இப்படி ஓடின. மிஸ்டர் ஓங் ஓய்வு பெற்றார். அணி என் பொறுப்புக்கு வந்தது.

அனிதா வந்தது ஒரு டிசம்பர் மாதம். பெர்த்திலிருந்து பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்கள் கிளப் அணி ஒன்று நட்பு ஆட்டங்களுக்காகச் சுங்கை பட்டாணிக்கு வந்தது. அந்த அணியில் பொன்னிற முடிக்காரிகளுக்கு நடுவே ஆறடி உயரத்தில் ஒரு கறுப்புப் பெண். பதினேழு வயது. அரங்கிலிருந்த நம் ஆட்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளுடைய அப்பா குமரேசன் பீடோங்கில் வளர்ந்தவர்; கல்யாணத்துக்குப் பிறகு பெர்த்துக்குப் போய்க் குடியேறிய மெக்கானிக். மகளின் ஆட்டத்தைப் பார்க்க அவரும் அணியோடு வந்திருந்தார். அவருடைய அக்கா லெட்சுமி இன்னும் பீடோங் கடைத்தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அனிதாவுக்குத் தமிழ் வரும். அப்பா இருபது ஆண்டுகளுக்கு முன்பு கொண்டுபோன தோட்டத்துத் தமிழை அப்படியே ஆஸ்திரேலிய உச்சரிப்பில் பேசுவாள். கேட்கவே சிரிப்பாக இருக்கும்.

இரண்டாவது ஆட்டத்தில்தான் கவனித்தேன். ஒவ்வொரு தடவை பெஞ்சுக்கு வரும்போதும் அவள் இடது ஷூவின் கயிற்றைத் தளர்த்தினாள். வலது ஷூவைத் தொடவில்லை. திரும்பக் கோர்ட்டுக்குள் போகும்போது இறுக்கிக் கட்டினாள். கணுக்கால் வலித்தால் யாரும் கயிற்றைத் தளர்த்த மாட்டார்கள்; பாதத்தின் மேல்பக்கம் அழுத்தினால் பொறுக்கவில்லை என்றால்தான் தளர்த்துவார்கள். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில், வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடிக்க ஒரு ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கியவள் நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். அவர்களுடைய பிசியோ வரவில்லை. பயிற்சியாளர் என்னைப் பார்க்கச் சொன்னார்.

"ஒன்னும் இல்ல ஆன்ட்டி" என்றாள். வலிக்கு அவளிடம் இருந்தது அப்பாவின் மலாய்ச் சொல்தான். "கொஞ்சம் சாக்கிட். நாளைக்குச் சரியாயிரும்."

மறுநாள் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்கு, ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள் ஹோட்டல் வராந்தாவில் குதித்துக் குதித்து விளக்கைத் தொட்டுக் காட்டினாள். எல்லோருக்கும் நிம்மதி.

அன்று பத்து மணி வாக்கில் குமரேசன் ஒரு தாளோடு என்னிடம் வந்தார். ஜனவரி இரண்டாம் வாரம் அனிதாவுக்கு ஒரு தேர்வு முகாம் இருந்தது. நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த பெண்கள் வருவார்கள்; அதில் தேறுகிறவர்கள் தேசியப் பயிற்சிக் கூடத்துக்குப் போவார்கள். அண்மையில் ஏதாவது அடிபட்டிருந்தால், கடைசியாகப் பார்த்த பிசியோ 'விளையாடத் தகுதி' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடைசி பிசியோ நான்தான்.

"ஒரு சைன் தானே அக்கா. நாளைக்கு டீம் கெளம்புது."

அனிதாவை மேசையில் படுக்க வைத்தேன். வலது பாதம் முதலில். கணுக்கால் மடிப்புக்குச் சற்று முன்னால், பாதத்தின் மேல்பக்கத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே சிறு காசு அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. அதன் அடியில் படகு போல வளைந்த எலும்பு. அங்கே கட்டைவிரலை வைத்து, "அத்தை கடையில என்னா சாப்பிட்ட?" என்று கேட்டபடி அழுத்தினேன். நண்டு என்று சொல்லத் தொடங்கி, நண்டின் அளவைக் கையால் காட்டினாள். இடது பாதத்தில் அதே இடம், அதே அழுத்தம். நண்டுப் பேச்சு நிற்கவில்லை. ஆனால் கண் இமைப்பது நின்றது. கால்விரல்கள் சுருண்டன.

ஒற்றைக் காலில் நுனிவிரலில் குதிக்கச் சொன்னேன். வலது கால் இருபது. இடது கால் எட்டாவதில் குதிகால் கீழே வந்துவிட்டது. "தூக்கம் ஆன்ட்டி" என்றாள்.

அந்த எலும்பைப் பற்றிப் படித்திருந்தேன். ஒரே ஒரு முறை ஓர் ஓட்டக்காரரிடம் பார்த்தும் இருந்தேன். அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. குதித்துக் குதித்து விரிசல் விட்டால் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. இரண்டு நாள் ஓய்வில் வலி போய்விடும். அதனால்தான் ஏமாற்றும்.

குமரேசனிடம் ஸ்கேன் எடுக்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றேன்.

"எக்ஸ்ரேல ஒன்னும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் என்னா லா?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஆறு வயசுலேர்ந்து பதினொரு வருசம் அக்கா. சனி, ஞாயிறுன்னு ஒன்னு எங்க வீட்ல கெடையாது. நீங்களும் தோட்டத்துப் பிள்ளைதான். மேல போறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

தெரியும் என்றேன். சாயங்காலம் வரை நேரம் கேட்டேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால், இல்லாத நோயைச் சொல்லி ஒரு பெண்ணைக் கலங்கடித்தவள் ஆவேன். மிஸ்டர் ஓங் அப்போது தஞ்சோங் டாவாயில் மகன் வீட்டில் இருந்தார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் அங்கே போனேன். படகுத்துறைப் பக்கம் காயவைத்த நெத்திலியைக் கிளறி, விலை பேசிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது இதுதான்.

"எத்தனை தடவை அமுக்கின?"

"மூணு தடவை. நடுவுல வேற இடத்தையும் அமுக்கினேன்."

"மூணு தடவையும் விரல் சுருண்டுச்சா?"

"மூணு தடவையும்."

"அப்போ உனக்குத் தெரிஞ்சதை எழுது. தெரியாததையும் எழுது." நெத்திலியில் பாதியை என் பையில் கட்டிப் போட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட நீ பேசினியா? அப்பாகிட்டதானே பேசின."

உண்மைதான். நான் பேசியது முழுக்கக் குமரேசனிடம்தான்.

லெட்சுமி அக்கா கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அனிதாவின் எதிரில் உட்கார்ந்து தாளை நீட்டினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் 'இன்னும் தெரியவில்லை' என்றும், கீழே 'ஸ்கேன் பார்க்கும் வரை குதிக்கக் கூடாது' என்றும் எழுதியிருந்தேன். குமரேசன் பக்கத்தில் நின்றார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"ஸ்கேன்ல ஒன்னும் இல்லன்னா ஆன்ட்டி?"

"என்னை நல்லாத் திட்டிட்டு, போய் விளையாடு."

"இருந்தா?"

"ஆறு வாரம் கால் தரையில படக்கூடாது. அப்புறம் மெதுவா நாலஞ்சு மாசம்."

"முகாம்?"

"முகாம் இல்ல."

"அதைக் கேக்காம, அப்படியே விளையாடுனா?"

"இப்ப விரிசல். விளையாடுனா ரெண்டாப் போகலாம். சில பேருக்கு அப்புறம் சேரவே சேராது."

அவள் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "ரெண்டு மாசமா வலிக்குதுப்பா. விளையாண்டா வலிக்கும், காலையில போயிரும். சொன்னா உட்கார வச்சிருவாங்கன்னு சொல்லல."

குமரேசன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "வண்டில போறப்பலாம் ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிட்டு வருவியே, நான் ஏதும் கேட்டுரக் கூடாதுன்னுதானா?" என்றார். அவள் தலையாட்டினாள். லெட்சுமி அக்கா ஒன்றும் புரியாமல் மூன்று பேருக்கும் பாயசம் வைத்தார்.

அணி கிளம்பியது. அவர்கள் இருவரும் தங்கினார்கள். பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில், படகு எலும்பின் மேல் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மயிரிழை போல ஒரு கோடு இறங்கியிருந்தது. பாதி வழியில் நின்றிருந்தது. எலும்பு டாக்டர் படத்தைப் பேனாவால் தொட்டு, "நல்ல வேளை" என்று மட்டும் சொன்னார். நான் சரியாகச் சொன்னேன் என்ற சந்தோஷம் வரவில்லை. அனிதா கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "எந்தக் கலர் கட்டுப் போடலாம்னு கேட்டாங்க. பச்சை சொன்னேன்" என்றாள்.

ஆஸ்திரேலியாவில் அப்போது கோடை விடுமுறை. ஆறு வாரமும் பீடோங்கிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. குமரேசன் முதல் இரண்டு வாரம் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அந்த ஆறு வாரத்தைப் போல நான் சிரித்த காலம் கிடையாது. ஆறடிப் பெண் பச்சைக் கட்டோடு, இரு கக்கத்திலும் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் போனால் மோட்டார் சைக்கிள்கள் நின்று வழி விட்டன. லெட்சுமி அக்கா எலும்பு சேரட்டும் என்று தினமும் ஆட்டெலும்பு சூப் வைத்தார். நான்காம் நாள் அவள் என்னிடம் ரகசியமாக, "ஆன்ட்டி, சூப் குடிச்சா எலும்பு சேரும்னு சயன்ஸ்ல இருக்கா?" என்று கேட்டாள். சயன்ஸில் இல்லை, அத்தையிடம் இருக்கிறது, குடி என்றேன்.

பந்து இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் கூடைப்பந்து வளையம் கிடையாது. பெண்கள் ஆடும் வலைப்பந்துக் கம்பம்தான் உண்டு. வளையம் சிறியது, பின்னால் பலகையும் இல்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்து, உட்கார்ந்தபடியே பந்தைப் போட்டாள். முதல் நாள் நூறில் பதினொன்று விழுந்தது. வேலை முடிந்து தினமும் போய்ப் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலையாயிற்று. நாற்காலியின் கால்கள் மண்ணில் புதையும். இழுத்து வைத்துவிட்டு மறுபடி போடுவாள். ஐந்தாம் வாரத்தில் அறுபதைத் தாண்டினாள்.

அந்தச் சாயங்காலங்களில்தான் அங்கே பிள்ளைகள் எப்படி மேலே போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் பேட்டைக் கிளப்பில் வார இறுதி ஆட்டம். அதில் கொஞ்சம் தேறினால் வட்டார அணி. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. பிறகு மாநில இளையோர் அணி. மாநிலங்கள் மோதும் போட்டியில் தேர்வாளர்கள் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் முகாம், முகாமிலிருந்து தேசியக் கூடம், அங்கிருந்து அமெரிக்கக் கல்லூரி அல்லது நேராகத் தொழில்முறை அணி.

"இதுல விழுந்துட்டா?" என்று கேட்டேன்.

"அதான் ஆன்ட்டி, எல்லாரும் இப்படித்தான் போறாங்கன்னு நெனைக்கிறோம். எண்ணிப் பார்த்தா பாதிப் பேர்தான் இப்படி. மத்தவங்க சுத்திப் போறாங்க. குளிர்காலத்துல ரெண்டாம் தர லீக் ஒன்னு நடக்கும். வேலைக்குப் போய்க்கிட்டே அதுல ஆடுவாங்க. இருவத்தஞ்சு வயசுல மேல எடுத்துக்குவாங்க." சொல்லிவிட்டு ஒரு பந்தைப் போட்டாள். விழவில்லை. "நான் சுத்திப் போகணும் போலருக்கு."

முகாம்காரர்கள் மரியாதையாக ஒரு பதில் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அவளை அழைக்கவில்லை. இதைச் சந்தையில் கேட்கிறவர்களிடம் நான் மறைப்பதில்லை. கட்டு பிரித்து, தண்ணீரில் நடந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு மெல்ல ஓடி, அவள் திரும்பி வருவதற்குள் அவளுடைய இடத்தில் வேறு பெண்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் பனி கொட்டும் ஊரில் ஒரு சின்னக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆடினாள். பெர்த்துக்குத் திரும்பி, காலையில் மருந்துக்கடையில் வேலை, சாயங்காலம் இரண்டாம் தர லீக் என்று இரண்டு குளிர்காலம் ஓட்டினாள். பிறகு ஒரு பெரிய அணி அவளைப் பயிற்சி ஆட்டக்காரியாக எடுத்தது. யாருக்காவது அடிபட்டால்தான் பெஞ்சில் உட்கார இடம். ஓர் ஆண்டு முழுக்க அவளுக்கு ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. குமரேசன் என்னைக் கூப்பிட்டுப் புலம்பினார். அவள் கூப்பிட்டால், பெரிய ஆட்டக்காரிகள் எப்படித் தூங்குகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், எந்த வலியை அணி பிசியோவிடம் உடனே சொல்கிறார்கள் என்று கதை கதையாகச் சொல்வாள். இந்த வருடம் அணி அவளுக்கு முழு ஒப்பந்தம் கொடுத்தது.

ஆகவே முட்டைக் கணக்குக் கேட்டவருக்கு நான் சொன்னது இதுதான்: முட்டை எத்தனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் பிள்ளை வலிக்குது என்று சொன்னால் அன்றைக்கு நீங்கள் கோபப்படாமல் இருக்க வேண்டும். அவர் இன்னும் ஏதாவது மருந்து இருக்கும் என்பது போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஒப்பந்தத்தில் அவளுடைய முதல் ஆட்டம் பெர்த்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெர்த்துக்கும் பீடோங்குக்கும் ஒரே நேரம் என்பதால் சோற்று நேரத்துக்குச் சரியாக வந்தது. லெட்சுமி அக்கா கடையில் தொலைக்காட்சியை உயரத்தில் மாட்டியிருந்தார். வாடிக்கையாளர்கள் இலையை மடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் கால் பகுதியில் அனிதாவை இறக்கினார்கள். நான்கு நிமிடம். ஒரு புள்ளியும் இல்லை. இரண்டு ஃபவுல். ஒரு ரீபவுண்ட். மீண்டும் பெஞ்சு.

"இதுக்கா இவ்ளோ வருசம்?" என்று ஒருவர் கேட்டார். லெட்சுமி அக்கா அவருக்கு ரசம் ஊற்றாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த ரீபவுண்டை நான் மட்டும் வேறு விதமாகப் பார்த்தேன். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு மேலே எழும்பி, பந்தைப் பிடித்து, முழு உடம்புப் பாரத்தையும் இடது காலில் வாங்கி இறங்கினாள். இறங்கிய வேகத்திலேயே ஓடினாள்.

ஒரு மணி நேரம் கழித்து அழைப்பு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"ஆன்ட்டி, பாத்தீங்களா? நாலு நிமிசம்."

"பாத்தேன். ரெண்டாவது ஃபவுல் ஃபவுலே இல்ல."

"அதேதான் நானும் சொன்னேன், கேக்கல லா." சிரித்தாள். பிறகு யாருக்கோ ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள்.

நான் கேட்காமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். பழக்கம் விடவில்லை. "கால் எப்படி இருக்கு?"

அவள் ஒரு நொடி யோசித்தாள்.

"எந்தக் கால் ஆன்ட்டி?"